மதிப்பெண் இருந்தும் வேலை கைநழுவுவது ஏன்? டிஎன்பிஎஸ்சி தகுதி பற்றிய வாசகர் கேள்விகள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) தேர்வுகளில் கட்-ஆஃப் தாண்டி, பட்டியலில் எண் வந்து, சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுகிறவர்களை எண்ணினால் வேதனையாக இருக்கிறது. அவர்களில் பலர் படிப்பில் குறை வைத்தவர்கள் அல்லர். விண்ணப்பத்தில் "ஆம்" என்று கொடுத்த ஒரு கட்டத்துக்குத் தகுந்த சான்று இல்லாமலோ, சான்றில் உள்ள தேதி பிந்திப்போனதாலோ வாய்ப்பை இழக்கிறார்கள். இம்முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கின்றன.

வயது 38. பிற்படுத்தப்பட்ட வகுப்பு, பிளஸ் டூ தேர்ச்சி. குரூப் 4 எழுத வயது முடிந்துவிட்டது என்று பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். உண்மையா? (திண்டிவனம்)

உண்மையல்ல. இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்குக் குறைந்தபட்சக் கல்வித்தகுதி பத்தாம் வகுப்பு. அதை மட்டும் முடித்த பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு உச்ச வயது 34. ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், ஆதரவற்ற விதவைகளுக்கு 37. ஆனால் இந்தப் பிரிவினர் பத்தாம் வகுப்புக்கு மேல் பிளஸ் டூவோ பட்டமோ முடித்திருந்தால் உச்ச வரம்பே கிடையாது. ஓய்வுபெறும் வயதான 60 பூர்த்தியாகாமல் இருந்தால் போதும். உங்கள் பிளஸ் டூ சான்றிதழ்தான் உங்களைக் காப்பாற்றுகிறது. அதன் விவரத்தை விண்ணப்பத்தில் தவறாமல் நிரப்புங்கள். "குறைந்தபட்சத் தகுதி பத்தாவதுதானே, அதை மட்டும் போடுவோம்" என்று விட்டால், பதிவாகும் விவரப்படி நீங்கள் வயது கடந்தவர்.

கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) பதவிக்கு இந்தக் கணக்கு வேறு. குறைந்தபட்சம் 21 வயது வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 42 வரை. ஆகவே இப்போதைக்கு உங்களுக்கு அதுவும் திறந்தே இருக்கிறது.

இதர வகுப்பினருக்கு, அதாவது எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவிலும் வராதவர்களுக்கு, இந்தச் சலுகைகள் இல்லை. எவ்வளவு படித்திருந்தாலும் 32தான். வயது கணக்கிடும் நாள் அறிவிக்கை வரும் ஆண்டின் ஜூலை 1. ஏப்ரலில் அறிவிக்கை வந்தாலும் நவம்பரில் வந்தாலும் அதே ஜூலை 1. இதர வகுப்பைச் சேர்ந்த ஒருவர் 1993 ஜூனில் பிறந்திருந்தால் 2025 அறிவிக்கைக்கு அவர் வயது கடந்தவர். 1993 ஆகஸ்டில் பிறந்தவர் எழுதலாம். 30 ஆக இருந்த வரம்பு 2021இல் 32 ஆக உயர்ந்தது. பழைய புத்தகங்களில் இன்னும் 30 என்றே இருப்பதால் தகுதியுள்ளவர்களே ஒதுங்கிவிடுகிறார்கள்.

மத்திய அரசுத் துறை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பணியில் இருக்கிறேன். இதர வகுப்பு, வயது 29. குரூப் 2 எழுதலாமா? (ஆவடி)

முடியாது. இதர வகுப்பினரில் மாநில அல்லது மத்திய அரசுப் பணியில் ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள், வயது வரம்புக்குள் இருந்தாலும் விண்ணப்பிக்க இயலாது. விண்ணப்பதாரர்களுக்கான பொது அறிவுரைகளில் தெளிவாக இருக்கும் விதி இது. ஆனால் பலர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு இந்தத் தடை பொருந்தாது.

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிளஸ் டூவும் பி.எஸ்சி.யும் ஆங்கில வழி. தமிழ் வழியில் பயின்றோர் ஒதுக்கீடு கேட்கலாமா? (துறையூர்)

எந்தப் பதவிக்கு என்பதைப் பொறுத்தது. குரூப் 4இல் கேட்கலாம். குரூப் 2இல் கேட்க முடியாது.

தமிழ் வழியில் பயின்றோருக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. அப்போது பதவிக்குரிய கடைசித் தகுதியைத் தமிழில் படித்திருந்தால் போதும் என்ற நிலை இருந்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டுப் பட்டப்படிப்பை மட்டும் தொலைநிலைக் கல்வியில் தமிழில் முடித்தவர்களும் அதில் நுழைந்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்காக வந்த ஒதுக்கீடு வேறு கைகளுக்குப் போனது. அதனால் 2020இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது ஒன்றாம் வகுப்பிலிருந்து பதவிக்கு நிர்ணயித்த கல்வித்தகுதி வரை அத்தனையும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். மிக நியாயமான திருத்தம் இது.

குரூப் 4இன் பத்தாம் வகுப்புத் தகுதிப் பதவிகளுக்கு ஒன்று முதல் பத்து வரை தமிழ் வழி போதும். அதற்கு மேல் ஆங்கில வழியில் படித்தது உங்களைப் பாதிக்காது. பட்டப்படிப்பு கேட்கும் பதவி என்றால் பள்ளி, மேல்நிலை, கல்லூரி மூன்றும் தமிழ் வழியாக இருக்க வேண்டும்.

சிக்கல் சான்றில் வரும். ஐந்தாவது வரை ஒரு பள்ளி, எட்டாவது வரை இன்னொன்று, பத்தாவது வேறொன்று என்றால் மூன்று தலைமையாசிரியர்களிடமும் தேர்வாணையத்தின் படிவத்தில் தனித்தனியாக வாங்க வேண்டும். எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை என்பதில் இடைவெளி விழக் கூடாது. ஒரு சான்று "1 முதல் 5 வரை", அடுத்தது "7 முதல் 10 வரை" என்று இருந்தால் ஆறாம் வகுப்பு எங்கே என்ற கேள்வி வரும். பள்ளி மூடப்பட்டிருந்தால் மாவட்டக் கல்வி அலுவலரை அணுகுங்கள். "தேர்வைத் தமிழில் எழுதினார்" என்று மட்டும் உள்ள சான்று செல்லாது. பயிற்றுமொழி தமிழ் என்று இருக்க வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகங்களில் ஆள் கிடைப்பது அரிது. அறிவிக்கைக்குக் காத்திராமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

பி.காம். கடைசி செமஸ்டர் எழுதிவிட்டேன். ரிசல்ட் அடுத்த மாதம். இப்போது வந்திருக்கும் குரூப் 2 அறிவிக்கைக்கு விண்ணப்பிக்கலாமா? (காரைக்குடி)

கூடாது. அறிவிக்கை வெளியான நாளன்று தேர்வு முடிவு வந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்குள் வந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. குரூப் 1க்கும் இதே விதிதான். யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வில் இறுதியாண்டு மாணவர்கள் முதல்நிலைத் தேர்வை எழுத முடியும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் இந்த முறை குரூப் 4க்கு விண்ணப்பிக்கலாம், குரூப் 2 அடுத்த அறிவிக்கைக்கு.

முடிவு முன்பே வந்து, பட்டமளிப்பு விழா தாமதமானவர்கள் கவலைப்பட வேண்டாம். தற்காலிகச் சான்றிதழோ ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலோ அறிவிக்கை நாளுக்கு முன் தேர்ச்சி பெற்றதைக் காட்டினால் ஏற்கப்படும்.

பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பி.ஏ. முடித்தேன். பட்டம் செல்லுமா? (அரூர்)

பட்டப்படிப்பு கேட்கும் அரசுப் பணிகளுக்குச் செல்லாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பு, பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும். 2009 ஆகஸ்டில் வந்த அரசாணை எண் 107 இதைத் தெளிவாக்கியது. பிளஸ் டூ முடித்தபின் திறந்தநிலையில் படித்தவர்களுக்குத் தடையில்லை. பட்டத்துக்குப் பிறகு பிளஸ் டூ எழுதினாலும் வரிசை மாறிவிடுவதால் அந்தப் பட்டம் உதவாது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருப்பதால் குரூப் 4 உங்களுக்குத் திறந்திருக்கிறது. ஆண்டுகளைச் செலவிட்டுப் படித்த படிப்பு இப்படி நிற்பது மனத்தைச் சுடும். ஆனாலும் விண்ணப்பத்தில் அதைக் காட்டி ஏமாறாதீர்கள்.

இதையொட்டி இன்னொன்று. உங்கள் பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை வேண்டும். அந்த அரசாணையும் அறிவிக்கை நாளுக்கு முன் வெளியாகியிருக்க வேண்டும். பிறகு வாங்கித் தருகிறேன் என்றால் ஏற்க மாட்டார்கள்.

திருமணத்துக்குப் பின் வாங்கிய சாதிச் சான்றிதழில் கணவர் பெயர் இருக்கிறது. பரவாயில்லையா? (ராசிபுரம்)

ஏற்கப்படாது. பெண்ணின் சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே தந்தை பெயரைச் சொல்லி, உங்கள் மாற்றுச் சான்றிதழையும் தந்தையின் சான்றையும் இணையுங்கள். பிற மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் மாநிலச் சாதிச் சான்றைக் காட்டி இங்கே ஒதுக்கீடு பெற முடியாது; இதர வகுப்பினராகவே கருதப்படுவார்கள்.

கணவர் விட்டுச் சென்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆதரவற்ற விதவை பிரிவில் விண்ணப்பிக்கலாமா? (உசிலம்பட்டி)

அம்மா, உங்கள் நிலை புரிகிறது. ஆனால் விவாகரத்து பெற்றவர்களும் கணவரால் கைவிடப்பட்டவர்களும் இந்தப் பிரிவில் வரமாட்டார்கள். கணவரை இழந்து, மறுமணம் செய்யாமல், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே இது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தரும் சான்று வேண்டும்; வட்டாட்சியர் தரும் சாதாரண விதவைச் சான்று போதாது. தவறாகக் கோரினால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும். பெண்களுக்கான 30 சதவீத ஒதுக்கீடு உங்களுக்கு உண்டு, அதற்குத் தனிச் சான்று எதுவும் தேவையில்லை. உங்கள் வகுப்புக்குரிய வயதுச் சலுகையையும் கேட்கலாம்.

ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் கட்டினேன். தேர்வுக்கு ஹால்டிக்கெட் வரவில்லை. (மேலூர்)

அது பதிவு மட்டும்தான், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஒவ்வோர் அறிவிக்கைக்கும் தனியாக விண்ணப்பித்துத் தேர்வுக் கட்டணமும் கட்ட வேண்டும். குரூப் 4க்கு அது 100 ரூபாய். பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தால் அவர்களது கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட விடாதீர்கள். ஓடிபி அவர்களுக்குப் போகும்; சரிபார்ப்புக்கு அழைக்கும் குறுஞ்செய்தியும் அவர்களுக்கே போகும்.

பிற்படுத்தப்பட்டோருக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை என்றார்கள். நான்காவது தேர்வுக்கும் அப்படியே கொடுத்தேன். நிராகரித்துவிட்டார்கள். (செய்யாறு)

பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு மூன்று முறை மட்டுமே இலவசம். முன்னாள் படைவீரர்களுக்கு இரண்டு முறை. ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகளுக்கு முழு விலக்கு. எண்ணிக்கை உங்கள் முந்தைய விண்ணப்பங்களில் நீங்கள் கோரியதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மூன்றும் தீர்ந்தபின் மறுபடி "ஆம்" கொடுத்தால் கட்டணம் செலுத்தாத விண்ணப்பம் என்று தள்ளப்படும். சலுகை வேண்டாம் என்று கொடுத்துக் கட்டணம் கட்டுவதும் உங்கள் உரிமைதான். நூறு ரூபாய் புரட்ட முடிந்தவர்கள் சந்தேகம் இருக்கும்போது கட்டிவிடுவது நல்லது.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு இளநிலை தேறியிருக்கிறேன். தட்டச்சர் பதவி கிடைக்குமா? (பண்ருட்டி)

இரண்டும் இளநிலை என்றால் போதாது; குறைந்தது ஒரு மொழியிலாவது முதுநிலை வேண்டும். இரண்டிலும் முதுநிலை உள்ளவர்களுக்கு முன்னுரிமை. அடுத்த அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தமிழ் முதுநிலையை முடிக்கப் பாருங்கள். அதன் முடிவும் அறிவிக்கைக்கு முன்பே வர வேண்டும். கணினி அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம்; பணியில் சேர்ந்தபின் தகுதிகாண் பருவத்துக்குள் முடித்தால் போதும்.

குரூப் 4இல் பொது அறிவு நன்றாக எழுதினேன். தமிழில் 39 கேள்விதான் சரி. வாய்ப்புண்டா? (கோவில்பட்டி)

இல்லை. தமிழ்ப் பகுதியில் 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 60 கட்டாயம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால் 40 கேள்வி சரியாக இருக்க வேண்டும். உங்களுடையது 58.5. அந்த 60 வராதவர்களின் இரண்டாம் பகுதி மதிப்பிடப்படாது.

பத்து சதவீத இடபிள்யூஎஸ் (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்) சான்று வாங்கியிருக்கிறேன். டிஎன்பிஎஸ்சியில் எங்கே காட்டுவது? (ஸ்ரீரங்கம்)

தமிழ்நாடு அரசுப் பணிகளில் அந்த ஒதுக்கீடு நடைமுறையில் இல்லை. எஸ்எஸ்சி, ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பிற்படுத்தப்பட்டோராக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மத்திய அரசுத் தேர்வில் மாநில சாதிச் சான்று மட்டும் செல்லாது. உங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற சான்றை மத்திய அரசின் படிவத்தில் வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை.

ஊர்த் திருவிழாத் தகராறில் என்மீது வழக்குப் போட்டார்கள். விடுதலை ஆகிவிட்டேன். சொல்ல வேண்டுமா? (முதுகுளத்தூர்)

கட்டாயம் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கை நகலையும் விடுதலைத் தீர்ப்பின் நகலையும் கேட்கும் இடத்தில் பதிவேற்றுங்கள். சிறு வழக்கு ஒன்று இருந்ததாலேயே வேலை பறிபோய்விடாது. மறைத்தது காவல்துறை விசாரணையில் தெரிந்தால் நியமனம் ரத்தாகலாம், மேற்கொண்டு தேர்வெழுதத் தடையும் வரலாம். வழக்கை வெளிப்படையாகச் சொன்னவரின் தகுதியைத் தன்மையறிந்து பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் வழிகாட்டியிருக்கிறது. சான்றிட்ட தீர்ப்பு நகல் கிடைக்க நாளாகும். நீதிமன்ற நகல் பிரிவில் இன்றே மனுப் போடுங்கள்.

விண்ணப்பத்தில் பிறந்த தேதி தவறாகிவிட்டது. கடைசி நாளும் முடிந்தது. (வாணியம்பாடி)

கடைசி நாளுக்குப் பின் திருத்தத்துக்கென்று மூன்று நாள் திறப்பார்கள். தேதி அறிவிக்கையிலேயே இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைத்தான் போட வேண்டும். திருத்தியபின் "சமர்ப்பி" கொடுத்து, புதிய விண்ணப்பத்தை பிடிஎஃப்பாக இறக்கி, வயது, வகுப்பு, தமிழ் வழி, கட்டணச் சலுகை ஆகிய நான்கு வரிகளையும் அச்சில் ஒருமுறை படித்துப் பாருங்கள். அந்த மூன்று நாளுக்குப் பிறகு எந்தக் கோரிக்கையையும் மாற்ற மாட்டார்கள்.