பனி என்ற சொல்லும் பனிக்காலப் பாட்டும்

கேள்வி: குளிர்கால இரவுகளில் கேட்பதற்காகப் ‘பனி’ என்ற சொல் வரும் திரைப்பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்து வைத்தேன். வரிசையாகக் கேட்டுப் பார்த்தால் குளிர்கால உணர்வே வரவில்லை. எங்கே பிழை?

பதில்: சொல்லை நம்பியதில்தான். புல்நுனியில் நிற்கும் துளி, விடியற்காலை மூட்டம், மலைமேல் உறைந்து கிடக்கும் வெண்மை ஆகிய மூன்றையும் தமிழில் பனி என்றே சொல்லிவிடுகிறோம். இவற்றில் நம் பாடலாசிரியர்கள் அதிகம் கையாளுவது முதலாவதைத்தான். துளி வந்தால் பூவும், பூ வந்தால் காதலியும் பின்னாலேயே வந்துவிடுவார்கள். ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ பனியோடுதான் தொடங்குகிறது. ஆனால் சலநாட்டை ராகத்தில் இளையராஜா அதற்குக் கொடுத்திருக்கும் துள்ளல் முழுக்க முழுக்க வசந்தத்துக்கு உரியது. அருமையான பாடல், உங்கள் தொகுப்பில் மட்டும் அதற்கு இடமில்லை. மாறாக, கண்ணெதிரே உறைபனி கொட்டும் காட்சிக்கு ‘ரோஜா’ (1992) படத்தில் பாட்டெழுதிய வைரமுத்து, பனி என்று தொடங்காமல் ‘புது வெள்ளை மழை’ என்றே தொடங்கினார்.

ஆகவே சொல்லை விட்டுவிட்டு ஒலியைக் கொண்டு தேடுங்கள். புதிதாக விழுந்த பனியின் துகள்களுக்கிடையே நிறையக் காற்று இருப்பதால் அது ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. பனி பெய்த காலையில் தெரு அவ்வளவு அமைதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் இந்த அமைதியை விட்டுவைக்கும் பாடல்களே குளிர்காலத்துக்குப் பொருந்துகின்றன என்பது என் அனுபவம். ‘மூடுபனி’ (1980) படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாடலில் முதலில் கிதார் தனியாக ஒலிப்பதையும், அதன்பின் ஜேசுதாஸின் குரல் அவசரமில்லாமல் வந்து சேர்வதையும் கவனியுங்கள்.

மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை என்றால், ஆஸ்திரிய இசையமைப்பாளர் பிரான்ஸ் ஷூபர்ட் 1827இல் இசையமைத்த ‘குளிர்காலப் பயணம்’ என்னும் பாடல் தொகுதியை அவசியம் கேளுங்கள். ஜெர்மன் கவிஞர் வில்ஹெல்ம் முல்லரின் 24 கவிதைகளுக்கு ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டுமே துணை. காதலில் தோற்ற ஒருவன் இரவோடு இரவாக ஊரைவிட்டு வெளியேறிப் பனியில் நடக்கிறான். வழியில் ஓரிடத்தில் தூங்கும்போது பூக்களும் பறவைகளும் நிறைந்த கனவு காண்கிறான். சேவல் கூவி விழித்தால் இருட்டும் குளிரும்தான். சன்னல் கண்ணாடியில் உறைபனி இலை இலையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்து, இந்த இலைகளை வரைந்தது யார் என்று கேட்கிறான். கடைசிப் பாடலில், உறைந்த தரையில் வெறுங்காலுடன் நின்று கைப்பிடியைச் சுழற்றிப் பெட்டி போன்ற இசைக்கருவியை வாசிக்கும் கிழவர் ஒருவர் வருகிறார். அவருடைய தட்டில் ஒரு காசும் விழவில்லை. பியானோவின் இடக்கை அந்தப் பாடல் முழுவதும், நம் தம்புராவைப் போல, ‘ச–ப’ என்ற இரண்டே சுரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஷூபர்ட் முதன்முதலில் இவற்றைப் பாடிக் காட்டியபோது நண்பர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பார்கள். அவரோ அடுத்த ஆண்டே, 31 வயதில், இறந்துபோனார்.

கேள்வி: குளிர்காலப் பாடல் என்றாலே சோகமாகத்தான் இருக்க வேண்டுமா? கதகதப்பாக எதுவும் கிடையாதா?

பதில்: நிறையவே உண்டு. 1725இல் அச்சேறிய, இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ என்னும் வயலின் இசை வரிசையில், குளிர்காலத்துக்குரிய பகுதியைக் கேளுங்கள். நரம்புக் கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, வெட்டி வெட்டி ஒரே சுரத்தை இழுக்க, பல் கிட்டுவதும் தரையில் காலை உதைத்துக்கொள்வதும் காதில் கேட்கும். அது முடிந்ததும் காட்சி வீட்டுக்குள் மாறுகிறது. வெளியே பெய்யும் மழையை மற்ற வயலின்கள் நரம்பைச் சுண்டிச் சுண்டிக் காட்ட, நெருப்பருகே உட்கார்ந்திருப்பவரின் நிம்மதியைத் தனி வயலின் நீளமாக வாசிக்கிறது. வெளியில் மழை கேட்பதால்தான் உள்ளே சூடு தெரிகிறது; இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறதே என்று எனக்கு எப்போதும் குறை.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தின் புகழ்பெற்ற பனிப் பாடல்களுள் ஒன்றான ‘லெட் இட் ஸ்னோ’ 1945 ஜூலையில், ஹாலிவுட்டின் கடும் வெயிலில் எழுதப்பட்டது. சாமி கான் வரிகளை எழுத, ஜூல் ஸ்டைன் மெட்டமைத்தார். இதற்கு நேரெதிர், 1965இல் வெளிவந்த ‘கலிபோர்னியா ட்ரீமின்’. நியூயார்க் குளிரில் நடுங்கிக்கொண்டு வெயிலுக்கு ஏங்கும் பாடல் அது. நடுவில் வரும் புல்லாங்குழலுக்காகவே அதைத் தொகுப்பில் சேர்க்கலாம்.

கேள்வி: தொகுப்பை எந்த வரிசையில் அமைப்பது?

பதில்: ஷூபர்ட்டை மாலையிலேயே கேட்டு முடித்துவிடுங்கள், படுக்கப் போகும் நேரத்தில் அந்தக் கிழவரின் தட்டு நினைவுக்கு வந்தால் தூக்கம் போய்விடும். விவால்டியின் நெருப்பருகுப் பகுதியைக் கடைசியாக வையுங்கள்.