உடைப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

வீட்டைப் புதுப்பித்தல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் குடியிருக்கும் வீடு கட்டி 25 ஆண்டுகள் ஆகின்றன. சமையலறை, 2 குளியலறைகள், தரை, எல்லா அறைகளின் கதவுகள் ஆகியவற்றைப் புதுப்பிக்கச் சேமிப்பிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறோம். இதற்கு முன் இந்த வேலையைச் செய்து முடித்த உறவினர்கள் எல்லோரும் நினைத்ததைவிட ஒன்றரை மடங்கு செலவானதாகச் சொல்கிறார்கள். கணக்கை எங்கிருந்து தொடங்கினால் தொகை கைமீறாமல் இருக்கும்?

பதில்: உங்கள் உறவினர்கள் மிகைப்படுத்தவில்லை. பெரும்பாலும் அவர்கள் வாங்கும் பொருள்களின் விலையைக் கூட்டியிருப்பார்கள். அந்தப் பொருளைப் பொருத்துவதற்காக உடைக்க வேண்டியதையும், உடைத்ததைத் திரும்ப மூட வேண்டியதையும் கூட்டியிருக்க மாட்டார்கள். ஒரு வாஷ் பேசினை இருந்த இடத்திலேயே மாற்றினால் பேசின், குழாய், கூலி என்று மூன்று வரிகளில் கணக்கு முடிந்துவிடும். அதையே எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனால் தரையை வெட்டிக் கழிவுநீர்க் குழாயை நீட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் நீர்க்கசிவுத் தடுப்பைப் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய டைல்ஸின் அதே நிறம் கிடைக்காது என்பதால் தரை முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். தரை மட்டம் உயர்ந்தால் கதவின் அடி உரசும். பேசினில் தொடங்கிய செலவு கதவில் வந்து நிற்கிறது.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன், அறைக்கு ஒரு தாளாக எடுத்துக்கொண்டு, எது பழுதாகியிருக்கிறது, எது பழுதில்லாவிட்டாலும் புழங்குவதற்கு இடைஞ்சலாக இருக்கிறது, எது பார்வைக்கு மட்டும் பிடிக்கவில்லை என்று பிரித்து எழுதுங்கள். கசிவு, பழைய மின்கம்பிகள், சுவர் ஈரம் ஆகியவை முதல் வகை. இவற்றைத் தீர்க்காமல் மூன்றாம் வகையில் ஒரு ரூபாய்கூடப் போடக்கூடாது என்பது என் கருத்து. ஈரச்சுவரின் மேல் அடித்த வண்ணம் எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் உரிந்துதான் போகும்.

ஒதுக்கிய தொகையை 100 பங்காகக் கொண்டால், 20 பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு 80 பங்குக்குள் திட்டமிடுங்கள். அண்மையில் கட்டிய வீடாக இருந்தால் 10 பங்கு போதும் என்பேன். 25 ஆண்டு வீட்டில் சுவரைத் திறக்கும்போது துருப்பிடித்த குழாயோ, எர்த் இல்லாத வயரிங்கோ வெளிப்படுவது வழக்கம்தான். அந்த 20 பங்கு கண்ணுக்குத் தெரியாத பழுதுக்காக வைத்தது. கடையில் நிற்கும்போது தோன்றும் ஆசைக்காக வைத்ததல்ல. இடிபாடுகளை அள்ளிச் செல்லும் செலவு, பொருள்களை ஏற்றி இறக்கும் கூலி, அனுமதி தேவைப்படும் வேலையானால் அதற்கான கட்டணம் ஆகியவற்றுக்கும் தாளில் இடம் விடுங்கள். டைல்ஸ் வாங்கும்போது பரப்பளவைவிட 10 சதவீதமும், மூலைவாட்டில் சாய்வாகப் பதிப்பதானால் 15 சதவீதமும் கூடுதலாக, ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணில் வாங்குவது நல்லது. பிறகு குறைந்துபோனால் அதே நிறச்சாயல் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. எந்தச் சுவரையாவது எடுக்க நினைத்தால், அது பாரம் தாங்கும் சுவரா என்பதைக் கட்டுமானப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்லும்வரை யாரும் சுத்தியலைத் தொட வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் 7 கதவுகளை மாற்ற வேண்டும். ஒரு தச்சர் நிலையோடு சேர்த்து மாற்றச் சொல்கிறார். மற்றொருவர் கதவை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். பழைய டைல்ஸின் மேலேயே புதிய டைல்ஸ் பதிக்கும் எண்ணமும் இருக்கிறது. முதிய தாயார் எங்களுடன் இருக்கிறார். எந்த யோசனையைக் கேட்பது?

பதில்: ஏழு நிலைகளுக்கும் ஒரே விடை இராது, ஒவ்வொன்றையும் தனியே பார்க்க வேண்டும். ஒரு திருப்புளியை எடுத்து நிலைக்கால்களின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை மரத்துக்குள் மெத்தென்று இறங்கினால் அங்கே உளுத்துவிட்டது என்று பொருள். குளியலறை நிலைகளில் இது மிகுதி. அடுத்து, தூக்குக்குண்டு விட்டு இரு கால்களும் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்த்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவுகள் எடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்து மரமும் உறுதியாக இருந்தால் அந்த நிலையைத் தொடாதீர்கள். நிலையைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகள் சுவருக்குள் புதைந்திருப்பவை. அவற்றைப் பெயர்த்தால் இருபுறத்துப் பூச்சும் விழும், ஓரத்து டைல்ஸ் உடையும், அருகிலுள்ள சுவிட்சுப் பெட்டி ஆடிப்போகும், ஒட்டுப்போட்டது தெரியாமலிருக்கச் சுவர் முழுவதற்கும் வண்ணம் அடிக்க நேரும். புது நிலையின் விலையைச் சொன்ன தச்சரிடம் இவற்றையும் சேர்த்துத்தான் சொன்னாரா என்று கேட்டுப் பாருங்கள்.

டைல்ஸின் மேல் டைல்ஸ் பதித்தால் பசையும் சேர்ந்து தரை ஏறக்குறைய 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை உயரும். பெரும்பாலான கதவுகளுக்கு அடியில் அவ்வளவு இடைவெளி இருப்பதில்லை. முழு மரக்கதவானால் அடியை அறுத்து இழைத்துக்கொள்ளலாம். இருபுறமும் தகடு ஒட்டிய பிளஷ் கதவுக்கோ ஓரத்தில் மட்டுமே கட்டை மரம் இருக்கும் என்பதால், அந்த அளவைத் தாண்டி அறுத்தால் உள்ளிருக்கும் நிரப்பு வெளியே தெரிந்துவிடும். எனவே தரை வேலை முடிந்த பிறகுதான் புதிய கதவுகளுக்கு அளவு எடுக்க வேண்டும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் சொந்த வீட்டில் அவசரப்பட்டுத் தரைக்கு முன்பே கதவுகளுக்குச் சொல்லிவிட்டேன். பிறகு ஒவ்வொன்றிலும் 8 மில்லிமீட்டர் அறுக்க வேண்டியிருந்தது. அறுத்தவர் மறுபடி மாட்டினார், வண்ணம் அடித்தவர் முன்னும் பின்னும் பளபளவென்று அடித்துவிட்டுப் போனார், அறுபட்ட அடி விளிம்பை இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. முதல் மழைக்காலத்திலேயே குளியலறைக் கதவின் அடி உப்பி, மேல்தகடு நகக்கண் அளவுக்குப் பிரிந்து நின்றது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சிறு முகக்கண்ணாடியைக் கதவுக்கு அடியில் நீட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பத்து முறை பார்த்தால் பல முறை பூச்சில்லாத வெறும் மரம்தான் தெரிகிறது. கதவுக்கு ஆறு முகங்கள் உண்டு. மேல் விளிம்பும் அடி விளிம்பும் சேர்ந்த ஆறுக்கும் பூச்சு வேண்டும் என்பதை ஒப்பந்தத்தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

அளவெடுக்கும் முறையிலும் கவனம் தேவை. பழைய நிலை எதுவும் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்காது. மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் சிறியதைக் கொள்ள வேண்டும். பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் மரம் ஈரத்தில் பருத்தாலும் கதவு பிடிக்காது. கனமான கதவுக்கு மூன்று கீல்கள் வைக்கச் சொல்லுங்கள். கீல் மாட்டும்போது சற்று அருகில் நில்லுங்கள். திருகாணியை முக்கால்வாசி சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டுக் கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருப்புளியால் திருகுவது நம் தச்சர்கள் பலருக்குக் கைவந்த பழக்கம். அப்படி அடித்த திருகாணிக்கு மரத்தில் பிடிமானம் இராது. சில மாதங்களில் கதவு தொங்கிப்போகும்.

தாயாரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்; அதுதான் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி. சக்கர நாற்காலி தாராளமாக நுழைய, கதவு 90 பாகை திறந்த நிலையில் 815 மில்லிமீட்டர், அதாவது 32 அங்குல வழி வேண்டும். கதவின் கனமும், நிலையில் கதவு வந்து அமரும் படியும் கழிந்து இது கிடைக்க 900 மில்லிமீட்டர் அகலக் கதவு தேவைப்படும். அவர் புழங்கும் குளியலறையின் நிலை குறுகலாக இருந்தால், அந்த ஒரு நிலையை மட்டும் பெயர்த்து அகலப்படுத்துவதில் தவறில்லை. ஆனால் மேலுள்ள லிண்டல், அதாவது வாசலுக்கு மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் விட்டம், புதிய அகலத்துக்கு இருபுறமும் போதிய அளவு சுவரில் அமருமா என்பதைப் பொறியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். அந்தக் கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே யாராவது தடுமாறி விழுந்து கதவின் மேல் சாய்ந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. உருண்டைக் குமிழுக்குப் பதிலாக நீளக் கைப்பிடியும், வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய தாழ்ப்பாளும் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: குளியலறைக்கான கமோடு, ஷவர், குழாய்களை எல்லா வேலையும் முடிந்த பிறகு, மிஞ்சும் பணத்துக்கு ஏற்ப வாங்கலாம் என்றிருந்தோம். பிளம்பரோ இப்போதே மாடலைச் சொல்லுங்கள் என்று நச்சரிக்கிறார். இப்போது என்ன அவசரம்?

பதில்: பிளம்பர் சொல்வதே சரி. தரையில் கழிவு வெளியேறும் கமோடானால், அந்தத் துளையின் மையம் சுவரிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். 225 மில்லிமீட்டரும் உண்டு, 300 மில்லிமீட்டரும் உண்டு. அந்தத் தொலைவும் செங்கல் சுவரிலிருந்து அல்ல, பூச்சும் டைல்ஸும் முடிந்த சுவரிலிருந்து கணக்கிடப்படுவது. நீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும், சுவருக்குள் புதையும் டைவர்ட்டருக்கும் அப்படித்தான்: எவ்வளவு ஆழத்தில் வைக்கலாம் என்று அதன் உறையிலேயே குறைந்த அளவும் கூடிய அளவும் குறித்திருப்பார்கள், அந்த எல்லையைத் தாண்டி உள்ளே போய்விட்டால் வெளித்தகடு பொருந்தாமல், பதித்த டைல்ஸை உடைக்க நேரும்.

ஷவர் வாங்கும்போது அழகைவிடப் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் குறைந்தபட்ச நீரழுத்தத்தைப் பாருங்கள். மொட்டைமாடித் தொட்டியின் நீர், 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். உங்கள் தொட்டி ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது வெறும் 0.3 பார்தான். அகன்ற மழை ஷவர் அந்த அழுத்தத்தில் மழையாகப் பொழியாது, சொட்டிக்கொண்டிருக்கும். அதற்காகப் பம்பு வைப்பதானால் அது வேறு செலவு.

பணம் குறைவாக இருந்தால் எங்கே சுருக்குவது என்பதற்கு நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் எளியது: பின்னாளில் ஒரு ஸ்பானரைக் கொண்டு கழற்றி மாற்றக்கூடிய எதிலும் இப்போது சுருக்கலாம், சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போகிறவற்றில் சுருக்கக்கூடாது. சுவரை மூடுவதற்கு முன் குழாய்களில் அழுத்தச் சோதனை செய்யுங்கள். நீர்க்கசிவுத் தடுப்பு காய்ந்தபின் வடிகால் வாயை அடைத்து, தரையில் நீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விட்டுக் கீழ்த்தளத்தின் கூரையைப் பாருங்கள். குழாய்களும் கம்பிகளும் திறந்து கிடக்கும்போதே, அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஒரு கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் பயன்படும்.

கேள்வி: மூன்று ஒப்பந்ததாரர்களிடம் மதிப்பீடு வாங்கினோம். ஒருவருடையது மற்ற இருவரைவிட மிகவும் குறைவாக இருக்கிறது. அவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: மூவரும் ஒரே வேலைக்குத்தான் மதிப்பிட்டார்களா என்று முதலில் பாருங்கள். "கதவுகள் 7, பொருத்தும் கூலி உட்பட" என்று ஒரு வரி இருக்கும். கீல், பூட்டு, கைப்பிடி, தாழ்ப்பாள், கதவு நிறுத்தி ஆகியவை அதில் அடங்குமா என்பது எழுதப்பட்டிருக்காது. குழாய்களுக்கும் கமோடுக்கும் இவ்வளவு என்று ஒரு உத்தேசத் தொகையை மட்டும் போட்டிருந்தால், அது மிகக் குறைந்த ரகத்தின் விலையாக இருக்கலாம். நீங்கள் நடுத்தர ரகத்தைத் தேர்ந்தாலே வேறுபாடு உங்கள் தலையில் விழும். நீங்களே பொருள், அளவு, ரகம் குறித்து ஒரே பட்டியல் தயாரித்து மூவரிடமும் கொடுத்து மறுபடி மதிப்பீடு கேளுங்கள். பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல், முடிந்த வேலையின் கணக்கில் கொடுங்கள். கடைசி 5 முதல் 10 சதவீதத்தைக் குறைகளெல்லாம் சரிசெய்து முடிக்கும்வரை நிறுத்தி வைப்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். இடையில் நீங்கள் கேட்கும் மாற்றத்துக்கும், விலை எழுதிக் கையெழுத்தானபின் வேலை தொடங்கட்டும்.

கேள்வி: வேலை நடக்கும்போது சிறு குழந்தைகளோடு அதே வீட்டில் குடியிருக்கலாமா?

பதில்: இரண்டு குளியலறைகளையும் ஒரே நேரத்தில் உடைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் சமாளிக்கலாம், ஆனால் மொத்த நாள்கள் கூடும், கூலியும் சற்றுக் கூடும். பழைய கதவுகளின் வண்ணத்தைச் சுரண்டித் தேய்க்கும் நாள்களில் மட்டும் குழந்தைகளை எப்படியாவது வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்த பிறகே அவர்களை அழைத்து வாருங்கள்.