ஜாவாஸ்கிரிப்டில் தேதி ஒருநாள் பின்னால் போவது ஏன்? மாற்றுவதும் ஒப்பிடுவதும்

கேள்வி: சர்வரிலிருந்து "2024-03-10" என்று வரும் தேதியை டேட் ஆப்ஜெக்டாக மாற்றித் திரையில் காட்டுகிறேன். என் கணினியில் சரியாக இருக்கிறது. நியூயார்க்கில் திறப்பவர்களுக்கு மார்ச் 9 என்று வருகிறது. ஒரே தேதியை வைத்திருக்கும் இரண்டு ஆப்ஜெக்ட்களை மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் எப்போதும் ஃபால்ஸ். மார்ச் 1க்கும் மார்ச் 31க்கும் இடையே எத்தனை நாள் என்று கணக்கிட்டால் சிலருக்கு 30, சிலருக்கு 29. இவற்றை எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்களிடம் இருப்பது நாட்காட்டித் தேதி. அதைப் போட்டு வைத்திருப்பதோ, கணத்தைக் குறிக்கும் ஆப்ஜெக்டில். நீங்கள் சொல்லும் மூன்றில் முதலும் கடைசியும் இதனால் வருபவை. நடுவில் உள்ளது மட்டும் ஆப்ஜெக்ட்களை ஒப்பிடும் முறையால் வருவது.

டேட் என்ற பெயரை நம்ப வேண்டாம். அதற்குள் ஆண்டு, மாதம், நாள் எதுவும் இல்லை. நேர மண்டலமும் இல்லை. 1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் கடந்தது என்ற ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. கெட்மந்த், கெட்டேட் போன்ற மெத்தட்களை அழைக்கும் அந்த நேரத்தில்தான், நிரல் ஓடும் கருவியின் நேர மண்டலத்தை எடுத்து, அந்த எண்ணை நாளாகவும் மணியாகவும் பிரித்துத் தருகிறது. ஒரே எண், இடத்துக்கு இடம் வேறு தேதி. பணம் கட்டிய நேரம், செய்தி அனுப்பிய நேரம் போன்றவற்றுக்கு இது சரியான அமைப்பு. பிறந்தநாள், விடுமுறை நாள், கடைசித் தேதி ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. ஒருவர் மார்ச் 10 அன்று பிறந்தார் என்பது உலகில் எங்கிருந்து பார்த்தாலும் மார்ச் 10தான்.

முதலில் மாற்றுவதைப் பார்ப்போம். "2024-03-10" என்று தேதி மட்டும் உள்ள ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் அந்தக் கணம் மார்ச் 9 மாலை 7 மணி. ஆகவே திரையில் 9 வருகிறது. யுடிசிக்கு முன்னால் இருக்கும் மண்டலங்களில் அதே கணம் மார்ச் 10 காலையிலோ பகலிலோ விழும் என்பதால் பிழை தெரியாமலே ஒளிந்துகொள்ளும். உங்கள் கணினியில் சரியாக வந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கும்.

இதில் இன்னொரு சிக்கல்: அதே ஸ்ட்ரிங்கோடு நேரத்தையும் சேர்த்து, நடுவில் டி எழுத்தைப் போட்டு, 00:00 என்று கொடுத்தால் விதி மாறிவிடுகிறது. கடைசியில் மண்டலக் குறிப்பு இல்லையென்றால் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். தேதி மட்டும் இருந்தால் யுடிசி, நேரமும் இருந்தால் உள்ளூர். இது எந்த பிரவுசரின் கோளாறும் அல்ல. மொழியின் தரநிலையே இப்படித்தான் சொல்கிறது. ஆகவே கணத்தைக் குறிக்கும் ஸ்ட்ரிங் சர்வரிலிருந்து வரும்போது கடைசியில் யுடிசியைக் குறிக்கும் இசட் எழுத்தோ "+05:30" போன்று யுடிசியிலிருந்து உள்ள நேர வித்தியாசமோ கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வரில் திருத்துங்கள், பிரவுசரில் ஊகிக்காதீர்கள்.

"2024/03/10", "10-03-2024" போன்ற வடிவங்களுக்குத் தரநிலையில் இடமே இல்லை. ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் ஒவ்வொரு எஞ்சினும் தன் விருப்பப்படி படிக்கும். "03/04/2024" என்பது பெரும்பாலும் அமெரிக்க வழக்கப்படி மார்ச் 4 ஆகிவிடும். எழுதியவர் ஏப்ரல் 3 என்று நினைத்திருப்பார். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து. பயனர் தட்டச்சு செய்யும் தேதியை டேட்டிடம் நேராகக் கொடுக்காமல், நீங்களே பிரித்து எண்களாக்குங்கள்.

எண்களாகப் பிரித்துக் கொடுக்கும்போது மாதம் 0 முதல் தொடங்கும் என்பது பலருக்குத் தெரியும். மார்ச் என்றால் 2. தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு இரண்டு இடங்களில். ஆண்டை 0 முதல் 99 வரையான எண்ணாகக் கொடுத்தால் அதனுடன் 1900 சேர்ந்துவிடும். 24 என்றால் 1924. அடுத்து, இல்லாத தேதியைக் கொடுத்தால் மறுக்காமல் அடுத்த மாதத்துக்கு நகர்த்திவிடும்: 2024, 1, 30 என்று பிப்ரவரி 30ஐக் கொடுத்தால் மார்ச் 1 கிடைக்கும். எனவே ஆப்ஜெக்டை உருவாக்கிய பின் மாதமும் நாளும் நீங்கள் கொடுத்த அதே எண்களாக இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். மாறியிருந்தால் அந்தத் தேதி தவறானது.

உங்கள் முதல் சிக்கலுக்குத் தீர்வு இதிலேயே இருக்கிறது. ஸ்ட்ரிங்கைக் கோட்டுக்குறியில் பிரித்து மூன்று எண்களாக்கி, மாதத்தில் 1 கழித்து, நியூ டேட்(2024, 2, 10) என்று உருவாக்குங்கள். இது உள்ளூர் நேரப்படி அமையும். கெட்டேட் எங்கும் 10 தரும். கணக்கு எதுவும் இல்லை, வெறுமனே காட்ட மட்டும் வேண்டும் என்றால் ஆப்ஜெக்டே வேண்டாம், ஸ்ட்ரிங்காகவே வைத்திருப்பது நல்லது. யுடிசியாகப் படித்த ஆப்ஜெக்ட் ஏற்கெனவே கையில் இருந்தால், காட்டும் ஃபங்ஷனில் டைம்சோன் என்ற விருப்பத்தை "யுடிசி" என்று குறிப்பிடுங்கள். சிலர் கெட்டைம்சோன்ஆஃப்செட் தரும் நிமிடங்களைக் கூட்டியோ கழித்தோ ஆப்ஜெக்டையே தள்ளிவைப்பார்கள். அந்த மெத்தட்டின் குறி பலர் நினைப்பதற்கு நேர் எதிரானது: யுடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும் மண்டலத்தில் அது −330 தரும். குறியைச் சரியாகப் பிடித்தாலும் தள்ளிவைத்த ஆப்ஜெக்ட் உண்மையான கணத்தைக் குறிக்காது. நிரலில் அடுத்து வருபவர் அதை நம்பிச் சேமித்துவிடுவார். இந்த வழியைத் தவிர்த்துவிடுங்கள்.

திரும்ப ஸ்ட்ரிங்காக்கும்போதும் இதே பிழை எதிர்த் திசையில் வரும். டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்கை அழைத்து முதல் பத்து எழுத்துகளை வெட்டி எடுப்பது மிகப் பரவலான பழக்கம். அந்த மெத்தட் எப்போதும் யுடிசியில் தருவதால், யுடிசிக்கு முன்னால் இருக்கும் மண்டலங்களில் உள்ளூர் நள்ளிரவில் உருவாக்கிய தேதி முந்தைய நாளாகப் பதிவாகும். கெட்ஃபுல்இயர், கெட்மந்த் கூட்டல் 1, கெட்டேட் ஆகிய மூன்றையும் எடுத்து, பேட்ஸ்டார்ட் கொண்டு இரண்டு இலக்கமாக்கி நீங்களே கோத்துக்கொள்ளுங்கள். ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றும்போதும் உள்ளே இதே டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்தான் இயங்குகிறது. திரும்பப் படிக்கும்போது கிடைப்பது வெறும் ஸ்ட்ரிங். ஆப்ஜெக்டாக நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

எண்ணாக வரும் நேரத்தில் ஒரு தவறு அடிக்கடி நேரும். பல சர்வர்கள் செகண்டில் அனுப்பும். டேட் எதிர்பார்ப்பது மில்லிசெகண்ட். 1700000000 என்பது செகண்டில் 2023 நவம்பர் 14. அதை அப்படியே கொடுத்தால் 1970 ஜனவரி 20 வரும். திரையில் 1970 ஜனவரி தெரிந்தால் முதலில் 1000ஆல் பெருக்கினோமா என்று பாருங்கள். துல்லியமாக ஜனவரி 1 என்றே வந்தால் (யுடிசிக்குப் பின்னால் இருக்கும் மண்டலத்தில் 1969 டிசம்பர் 31) மதிப்பு நல் (null), அதாவது வெற்று மதிப்பு, ஆக வந்திருக்கும். நல் என்பது 0 ஆகிவிடுகிறது.

இனி ஒப்பிடுவது. இரண்டு டேட் ஆப்ஜெக்ட்களுக்கு நடுவே சிறியது, பெரியது என்ற குறிகளைப் போட்டால் ஜாவாஸ்கிரிப்ட் உள்ளிருக்கும் எண்களை எடுத்து ஒப்பிடும். சரியான விடை வரும். சமக்குறிகள் அப்படி அல்ல. இரண்டு போட்டாலும் மூன்று போட்டாலும், இரண்டு பக்கமும் இருப்பது ஒரே ஆப்ஜெக்ட்தானா என்றுதான் பார்க்கும். தனித்தனியாக உருவாக்கிய இரண்டு ஆப்ஜெக்ட்கள் ஒருபோதும் சமமாகா. அரேயில் இன்க்ளூட்ஸ், இன்டெக்ஸ்ஆஃப் கொண்டு தேடினாலும், செட்டில் போட்டு நகல்களை நீக்க முயன்றாலும் இதே கதி. இரண்டிலும் கெட்டைமை அழைத்து, கிடைக்கும் எண்களைச் சமக்குறியால் ஒப்பிடுங்கள். விந்தையாக, சிறியது அல்லது சமம் என்ற குறி மட்டும் எண்களையே ஒப்பிடுவதால் ஒழுங்காக வேலை செய்யும். கழித்தல் எண் தரும். கூட்டல் இரண்டையும் ஸ்ட்ரிங்காக்கி ஒட்டிவிடும்.

ஆனால் கெட்டைம் சொல்வது ஒரே கணமா என்பதைத்தான். ஒரே நாளா என்று கேட்பது வேறு கேள்வி. அப்போது எந்த மண்டலத்தின் நாள் என்று முடிவு செய்தே ஆக வேண்டும். பயனரின் மண்டலம் என்றால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். கெட்டேட்டுக்குப் பதில் கெட்டே என்று எழுதிவிட்டால் வாரத்தின் நாள் வரும். ஒரே மாதத்தின் எல்லா ஞாயிறும் சமமாகிவிடும். நிறுவனம் இருக்கும் ஊரின் மண்டலம் போல் வேறொன்று என்றால் இன்டல் டேட்டைம்ஃபார்மேட்டுக்கு அந்த மண்டலத்தின் பெயரைக் கொடுத்து, ஃபார்மேட்டூபார்ட்ஸ் மூலம் பகுதிகளை எடுங்கள். இந்த ஃபார்மேட்டரை உருவாக்க நேரம் பிடிக்கும். லூப்புக்கு வெளியே ஒருமுறை உருவாக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்துங்கள். 24 மணி முறை வேண்டுமென்றால் அவர்சைக்கிளை "எச்23" என்று வையுங்கள். அவர்12ஐ ஃபால்ஸ் ஆக்கினால் சில மொழி அமைப்புகளில் நள்ளிரவு 24:00 என்று வரும்.

படிக்க முடியாத ஸ்ட்ரிங்கிலிருந்து வரும் ஆப்ஜெக்டில் எண்ணுக்குப் பதில் நான் (NaN) என்ற, எண் அல்லாத மதிப்பு இருக்கும். அதனுடன் செய்யும் எந்தச் சிறிது-பெரிது ஒப்பீடும் ஃபால்ஸ். "காலாவதி ஆகிவிட்டதா?" என்ற சோதனை சத்தமில்லாமல் இல்லை என்று சொல்லிவிடும், வரிசைப்படுத்தலும் குழம்பும். ஒப்பிடும் முன் நம்பர்.இஸ்நான் மூலம் கெட்டைமைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது சிக்கலான 29க்கு வருவோம். நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அன்று கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அன்றைய நாளின் நீளம் 23 மணி. மார்ச் 1 நள்ளிரவிலிருந்து மார்ச் 31 நள்ளிரவு வரை அங்கே 719 மணி நேரமே இருந்தது. 8,64,00,000 மில்லிசெகண்டால் வகுத்தால் 29.958, மேத்.ஃப்ளோர் போட்டதும் 29 ஆகிவிட்டது. மேத்.ரவுண்ட் போட்டால் இந்த எடுத்துக்காட்டில் தப்பிக்கலாம். ஆனால் தேதியோடு நேரமும் சேர்ந்திருந்தால் அதுவும் கைவிடும். உறுதியான வழி: ஒவ்வொரு தேதியின் ஆண்டு, மாதம், நாளை எடுத்து டேட்.யுடிசியிடம் கொடுங்கள், கிடைக்கும் இரு எண்களைக் கழித்து வகுங்கள். யுடிசியில் கடிகாரம் தள்ளும் வழக்கம் இல்லை என்பதால் விடை எப்போதும் முழு எண்.

நாளைக் கூட்டும்போதும் 24 மணி நேரத்தைக் கூட்டாதீர்கள். 2024 நவம்பர் 3 அன்று நியூயார்க்கில் 25 மணி நேரம். அன்று நள்ளிரவோடு 24 மணி சேர்த்தால் அதே நாள் இரவு 11 மணிதான் வரும், நாட்காட்டியில் 3ஆம் தேதி இருமுறை அச்சாகும். செட்டேட்டுக்கு கெட்டேட் கூட்டல் 1 கொடுங்கள். மாத இறுதியையும் அதுவே கவனித்துக்கொள்ளும். அது மூல ஆப்ஜெக்டையே மாற்றிவிடும், திருப்பித் தருவது வெறும் எண். எனவே முதலில் நகலெடுங்கள். மாதத்தைக் கூட்டுவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: 2024 ஜனவரி 31உடன் ஒரு மாதம் சேர்த்தால் செட்மந்த் மார்ச் 2 தரும். பிப்ரவரியின் கடைசி நாள்தான் வேண்டும் என்றால், முதலில் நாளை 1 ஆக்கி, மாதத்தை நகர்த்தி, பிறகு பழைய நாள் எண், புதிய மாதத்தின் கடைசி நாள் இரண்டில் சிறியதை வைக்க வேண்டும்.

வருங்கால நிகழ்ச்சிகளை யுடிசியாக மட்டும் சேமிக்காதீர்கள். அடுத்த ஆண்டு லண்டனில் காலை 10 மணிக்குக் கூட்டம் என்றால், உள்ளூர் தேதி-நேரத்தையும் "யூரோப்/லண்டன்" என்ற மண்டலப் பெயரையும் சேமிக்க வேண்டும். இடையில் அரசு நேர விதியை மாற்றினாலும் கூட்டம் 10 மணிக்கே நிற்கும்.

இவ்வளவையும் கையால் செய்ய வேண்டாம் என்றால் ஜாவாஸ்கிரிப்டின் புதிய தேதி-நேர வசதியான டெம்போரல் இருக்கிறது. அதில் நாட்காட்டித் தேதிக்கு பிளெயின்டேட், கணத்துக்கு இன்ஸ்டன்ட், மண்டலத்தோடு கூடிய நேரத்துக்கு சோன்டுடேட்டைம் என்று தனித்தனி வகைகள் உண்டு. மாதம் 1இல் தொடங்கும், ஜனவரி 31உடன் ஒரு மாதம் சேர்த்தால் பிப்ரவரியின் கடைசி நாள் வரும். சிறியது, பெரியது குறிகளைப் போட்டால் பிழை எறிந்து தடுக்கும். கம்பேர், ஈக்வல்ஸ் மெத்தட்களைத்தான் அழைக்க வேண்டும். ஃபயர்பாக்ஸில் 2025 மே மாதம் வந்த 139ஆம் பதிப்பு முதல் உள்ளது. இல்லாத பிரவுசர்களுக்கு, அந்த வசதியை ஈடுசெய்யும் பாலிஃபில் என்ற நிரலைச் சேர்க்கலாம். இப்போதைக்கு லைப்ரரிதான் வேண்டும் என்றால் லக்சான் அல்லது டேட்-எஃப்என்எஸ். மொமன்ட் என்ற பழைய லைப்ரரியைப் புதிய வேலைக்கு எடுக்காதீர்கள். அதை உருவாக்கியவர்களே 2020 செப்டம்பரில் புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள்.

திருத்திய பிறகு உங்கள் கணினி மண்டலத்தில் மட்டும் சோதித்தால் போதாது. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் டிஇசட் என்ற சூழல் மாறியில் மண்டலப் பெயரைக் கொடுத்துச் சோதனைகளை ஓட்டலாம். குரோமின் டெவ்டூல்ஸில் சென்சார்ஸ் பகுதியில் வேறு ஊரைத் தேர்ந்தால் மண்டலமும் மாறும். யுடிசி, நியூயார்க், யுடிசிக்கு 14 மணி நேரம் முன்னால் இருக்கும் பசிபிக் தீவான கிரிட்டிமாட்டி ஆகிய மூன்றிலும், 2024 பிப்ரவரி 29, மார்ச் 10, நவம்பர் 3 ஆகிய தேதிகளை வைத்து ஓட்டிப் பாருங்கள்.