எட்டு பல்லுக்கு ட்ரீட்மென்ட்னு சீட்டு குடுத்தா, கையெழுத்துக்கு முன்னாடி கேக்க வேண்டியது

கேள்வி: என் பொண்ணுக்கு அஞ்சரை வயசு. ஸ்கூல்ல நடந்த இலவச பல் கேம்ப்ல ஒரு சீட்டு குடுத்து விட்டாங்க, அடுத்த நாளே கிளினிக்லேருந்து போன். அவளுக்கு வலின்னு சொன்னது ஒரே ஒரு பல்லுதான். அங்க போனா எட்டு பல் சொத்தை, நாலுக்கு ரூட் கெனால் பண்ணி கேப், நாலுக்கு ஃபில்லிங், இன்னிக்கே புக் பண்ணா டிஸ்கவுண்ட்னு சொல்லி கையெழுத்து வாங்கிட்டாங்க. முதல் சிட்டிங்ல ரெண்டு பல் பண்ணாங்க. என்னை வெளிய உக்கார வச்சுட்டாங்க, கத்துற சத்தம் கேட்டு உள்ள ஓடினா ரெண்டு பேர் கைகாலைப் பிடிச்சிருந்தாங்க, என்னையும் பிடிக்கச் சொன்னாங்க, நானும் பிடிச்சேன். இப்ப பிரஷ்ஷை எடுத்தாலே அழறா. மாமியார் விழப்போற பல்லுக்கு எதுக்கு இதெல்லாம்ங்கறாங்க, வீட்டுக்காரர் பணம் கட்டியாச்சு முடிச்சுடுங்கறார். மீதி ஆறையும் முடிக்கணுமா?

பதில்:

நேரா விஷயத்துக்கு வரேன்மா. மீதி ஆறையும் இப்போதைக்கு நிறுத்தி வைங்க. விட்டுடுங்கன்னு சொல்லல, நிறுத்தி வைங்கன்னுதான் சொல்றேன். பணம் கட்டியாச்சுங்கறது பல்லுல கை வைக்க ஒரு காரணமே இல்ல.

உங்க மாமியார் சொல்றது பாதி சரி. எந்தப் பல்லுங்கறதைப் பொறுத்துதான் மீதி பாதி. கீழ் முன்பல் ஆறு ஏழு வயசுல தானா ஆடி விழுந்துடும், மேல் முன்பல் ஏழு எட்டுல. ஆனா பின்னாடி இருக்கற பால் கடவாய்ப் பல் ஒன்பதுலேருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் வாயில இருக்கணும். அதாவது உங்க பொண்ணு இன்னும் நாலுலேருந்து ஆறு வருஷம் அதுலதான் மென்னு சாப்பிடப்போறா. அதோட, கடைசி பால் கடவாய்ப் பல்லுக்குப் பின்னாடி ஆறு வயசு வாக்குல நிலையான கடவாய்ப் பல் ஒண்ணு முளைக்கும், எந்தப் பல்லும் விழாமலே வர்றதால நிறைய பேர் அதையும் பால் பல்லுன்னு நினைச்சுட்டு கவனிக்காம விட்டுடறாங்க. முன்னாடி இருக்கற பால் கடவாய்ப் பல்லைச் சீக்கிரமா பிடுங்கிட்டா இந்தப் புதுப் பல் முன்னாடி நகர்ந்து வந்து இடத்தைப் பிடிச்சுக்கும், அப்புறம் அடியிலேருந்து வர வேண்டிய பல் கோணலா வரும். அதனால சீட்டுல இருக்கற எட்டும் ஒண்ணு கிடையாது. இன்னும் ஒரு வருஷத்துல விழப்போற கீழ் முன்பல்லுக்கு ரூட் கெனால்னு எழுதியிருந்தா கண்டிப்பா ஏன்னு கேளுங்க. பின்னாடி பல்லுன்னா பொறுமையா விசாரிங்க.

ஒவ்வொரு பல்லுக்கும் மூணே கேள்விதான். இந்தப் பல் எந்த வயசுல தானா விழும். சொத்தை எவ்வளவு ஆழம், எக்ஸ்ரேல எனக்குக் காட்டுங்க. மூணு மாசம் ஒண்ணும் பண்ணாம பாத்தா என்ன ஆகும். இந்த மூணுக்கும் எட்டு பல்லுக்கும் ஒரே மாதிரி பதில் வந்தா, "எல்லாமே அர்ஜென்ட்தான்மா"ன்னு சொன்னா, அங்க யாரும் பல் பல்லா பாக்கலன்னு அர்த்தம்.

எக்ஸ்ரேன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. மொத்தத் தாடையும் தெரியற பெரிய படம் ஒண்ணை எடுத்து, அங்கங்க பேனாவுல வட்டம் போட்டுக் காட்டுவாங்க. எந்தப் பல் எங்க இருக்கு, அடியில என்ன வருதுன்னு பாக்க அது நல்லா இருக்கும். ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கற ஆரம்பச் சொத்தை அதுல தெளிவா தெரியாது, அதுக்கு வாய்க்குள்ள வச்சு எடுக்கற சின்ன படம் வேணும். டார்ச் அடிச்சுப் பாத்த கேம்ப் சீட்டை வச்சு நாலு ஃபில்லிங்னு முடிவு பண்றதெல்லாம் வைத்தியமே இல்ல. பல்லோட மேல் ஓட்டுல மட்டும் இருக்கற சொத்தையைக் குடையவே வேண்டாம். வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி இருக்கற புள்ளியை ஃப்ளோரைடு வார்னிஷ் தடவி, இனிப்பைக் குறைச்சு, ராத்திரி நீங்களே பிரஷ் பண்ணிவிட்டா நிறுத்திடலாம், சிலது திரும்ப இறுகியும் போகும். ஆனா பாத்துட்டு மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்ற டாக்டருக்கு என்ன வருமானம் வரும்? குடைஞ்சாதான் காசு, காத்திருந்தா காசு இல்லைங்கற மாதிரி ஒரு ஏற்பாட்டைப் பண்ணி வச்சுட்டு, மாசத்துக்கு இத்தனை கேப்னு டார்கெட்டும் வச்சுட்டு, குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு சொத்தைன்னு கூட்டம் போட்டுப் பேசறாங்க, கேக்கவே எனக்குப் பொறுக்கல. இது என்னோட சந்தேகம் மட்டும் இல்ல. அமெரிக்காவுல ஏழைக் குழந்தைகளுக்குப் பல் கிளினிக் நடத்தின ஒரு பெரிய கம்பெனி, தேவையே இல்லாம பால் பல்லுக்கு நரம்பு சிகிச்சையும் கேப்பும் போட்டு அரசாங்கக் காசை வாங்கினாங்கன்னு குற்றச்சாட்டு வந்து, 2010-ல 24 மில்லியன் டாலர் கட்டி சமரசம் பண்ணிக்கிட்டாங்க. வாய் எல்லாம் கேப்போட வீட்டுக்குப் போன பிள்ளைங்க கதை அது.

உங்களுக்குப் போன் பண்ணது டாக்டர் இல்ல, அதை முதல்ல புரிஞ்சுக்குங்க. கோஆர்டினேட்டர்னு ஒருத்தர், எத்தனை பேரைக் கையெழுத்து போட வைக்கிறாங்களோ அதைப் பொறுத்து அவங்களுக்கு வருமானம் வர்ற இடங்கள் இருக்கு. கேம்ப்புங்கறது அவங்களுக்கு ஆள் பிடிக்கற இடம். இன்னிக்குக் கட்டினா இவ்வளவு குறையும், இஎம்ஐ ஃபார்ம் இதோ, பத்து நிமிஷத்துல லோன் ஆயிடும்பாங்க. பல் சொத்தை இன்னிக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி ஆகற நோய் இல்லம்மா, மாசக்கணக்குல வளர்றது. ஒரு வாரம் யோசிக்க டைம் குடுக்காத இடத்துல குழந்தையோட வாயைத் திறக்கவே விடாதீங்க. ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மொத்தத்துக்கும் லோன் போட்டா, நடுவுல பிடிக்கலன்னு நிறுத்த மனசு வராது, அதுக்காகத்தான் அந்த அவசரம். உங்க வீட்டுக்காரர் முடிச்சுடுன்னு சொல்றதும் அதனாலதான், அவர் மேல தப்பு இல்ல. மீதிப் பணம் எவ்வளவு திரும்ப வரும்னு எழுத்துல கேளுங்க, வாயால சொல்றதை நம்பாதீங்க.

இப்ப அந்த கத்தலுக்கு வரேன். "பால் பல்லுக்கு நரம்பு கிடையாது, ஊசி வேண்டாம், ரெண்டு நிமிஷம் பிடிச்சுக்குங்க"ன்னு இன்னமும் சொல்றவங்க இருக்காங்க. சுத்தப் பொய். பால் பல்லுக்கும் நரம்பு இருக்கு, ரத்த ஓட்டம் இருக்கு, பெரியவங்க பல் மாதிரியே வலிக்கும். நியூசிலாந்துல 1921-லேருந்து ஸ்கூல்லயே பல் கிளினிக் வச்சாங்க, நல்ல எண்ணத்துலதான் வச்சாங்க, ஆனா பல தலைமுறைப் பிள்ளைங்க அந்த இடத்துக்கு வச்ச பேரு கொலை வீடு. மரத்துப்போற ஊசி போடாம குடைஞ்சதுதான் அதுக்குப் பெரிய காரணம். அப்படி வளர்ந்தவங்கள்ல எத்தனையோ பேர் வயசான பிறகும் பல் டாக்டர்கிட்ட போக நடுங்கினாங்க. அதனால கிளினிக்கைக் கேளுங்க, அன்னிக்கு ஊசி போட்டீங்களா, ஊசிக்கு முன்னாடி ஈறுல ஜெல் தடவினீங்களா, மரத்துப்போச்சான்னு தொட்டுப் பாத்துட்டு ஆரம்பிச்சீங்களா. சில சமயம் சீழ் வச்ச பல்லுல ஊசி சரியா பிடிக்காது, அப்ப நிறுத்தணும், இன்னொரு நாள் பாக்கணும். பிடிக்கல, பரவால்ல, முடிச்சுடலாம்ங்கறதுக்கு எந்தப் புத்தகத்துலயும் இடம் இல்ல.

கைகாலைப் பிடிக்கறதும் அப்படித்தான். வாயைக் கையால பொத்தி அடக்கற ஒரு முறை முன்னாடி இருந்துச்சு, அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அமைப்பு 2006-லயே அதை வழிகாட்டிலேருந்து எடுத்துடுச்சு. பிடிக்கணும்னா ஏன், எவ்வளவு நேரம்னு பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லி சம்மதம் வாங்கணும். வெளிய உக்கார வச்சுட்டு உள்ள பிடிக்கறது சம்மதம் ஆகாது. நானும் ஆரம்ப வருஷங்கள்ல அம்மா அப்பாவை வெளிய உக்கார வச்சவதான், அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, அம்மா பக்கத்துல இருந்தா குழந்தை அடம் பிடிக்கும்னு. ஒரு நாள் ஒரு பையன் கத்தாம, அசையாம, கண்ணை மட்டும் மூடிட்டு உக்காந்திருந்தான், நல்ல பையன்னு நினைச்சேன், எழுந்தப்ப சேர் நனைஞ்சிருந்துச்சு. அதுக்கப்புறம் என் ரூம்ல பெத்தவங்களுக்கு நாற்காலி போட்டுட்டேன். அவங்க அங்க இருக்கறதால எந்த வேலையும் கெட்டுப்போகல.

"தூங்க வச்சு ஒரே நாள்ல முடிச்சுடலாம்"னு அடுத்து சொல்லுவாங்க, சொல்லலன்னாதான் ஆச்சரியம். அப்ப ஒண்ணே ஒண்ணு கேளுங்க, மயக்க மருந்து குடுத்து மூச்சையும் நாடியையும் பாத்துட்டே இருக்கறதுக்குன்னு தனியா ஒரு பயிற்சி பெத்த ஆள் இருப்பாரா? பல் பாக்கற டாக்டரே அதையும் பாத்துக்குவார்னா எழுந்து வந்துடுங்க. ஆழ்ந்த மயக்கத்துக்குக் குறைஞ்சது பயிற்சி உள்ள ரெண்டு பேர், அதுல ஒருத்தர் மயக்கத்தை மட்டும் பாக்கணும்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்புகள் 2019-ல எழுதியே வச்சாச்சு.

குடையாம பண்ற வழியும் இருக்கு, யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. வெள்ளி கலந்த ஃப்ளோரைடு மருந்தை சொத்தையில தொட்டு வச்சா நிறைய சொத்தை அப்படியே நின்னுடும், அந்த இடம் நிரந்தரமா கறுப்பாகும், பின்னாடி பல்லுல கறுப்பு இருந்தா யாருக்குத் தெரியப்போகுது. ஜப்பான்ல 1970-கள்லேருந்தே இதைப் பயன்படுத்தறாங்க. இன்னொண்ணு ஹால் முறை, ஸ்காட்லாந்துல நார்னா ஹால்னு ஒரு பல் டாக்டர் பண்ணது. பல்லைக் குடையாம, ஊசி இல்லாம, ஸ்டீல் கேப்பை அப்படியே சொத்தை மேல மாட்டி மூடிடறது. உள்ள இருக்கற கிருமிக்குச் சாப்பாடு போகாது, சொத்தை அடங்கிடும். நரம்பு நல்லா இருக்கற கடவாய்ப் பல்லுக்கு இது அருமையான வழி.

நரம்பு நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. சாப்பிடும்போதோ ஜில்லுனு பட்டாலோ சுருக்குனு வலிச்சு உடனே நின்னா பெரும்பாலும் நரம்பு பிழைச்சுக்கும். எதுவும் படாமலே தானா வலிச்சு, ராத்திரி தூக்கத்துலேருந்து எழுந்து பல் வலின்னு அழுதா பெரும்பாலும் நரம்பு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், அந்தப் பல்லுக்கு சிகிச்சை உண்மையிலேயே வேணும்.

இங்க ஒரு விஷயத்தை நான் அழுத்தி சொல்லியாகணும், ஏன்னா நிறுத்தி வைங்கன்னு நான் சொன்னதைப் பிடிச்சுட்டு நீங்க சும்மா இருந்துடக்கூடாது. வலிச்சிட்டிருந்த பல் திடீர்னு வலிக்கறதை நிறுத்திடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. நரம்பு செத்துப்போனாலும் வலி நின்னுடும். வீட்ல எல்லாரும் நிம்மதியாயிடுவாங்க, உள்ள சீழ் வைக்கும். அதனால இன்னிக்கே நல்ல வெளிச்சத்துல அந்தப் பல்லுக்கு மேலயோ கீழயோ இருக்கற ஈறைப் பாருங்க, உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பாருங்க. பரு மாதிரி சின்னக் கொப்புளம் இருக்கா, அழுத்தினா மஞ்சளா வருதா, வந்து வந்து மறையுதா? அப்படி இருந்தா அந்த ஒரு பல்லை மட்டும் காத்திருக்க விடாதீங்க, இந்த வாரத்துக்குள்ள யாராவது பாக்கணும், சில சமயம் பிடுங்கறதுதான் சரி, அந்த இடம் மூடாம இருக்க ஒரு கம்பி வளையம் வைப்பாங்க. ஆன்டிபயாட்டிக் மட்டும் குடுத்து அனுப்பினா அடங்கின மாதிரி இருந்துட்டு திரும்ப வரும். கன்னம் வீங்குது, கண்ணுக்கடியிலயோ தாடைக்குக் கீழயோ பரவுது, காய்ச்சல் அடிக்குது, எச்சில் முழுங்க முடியல, வாய் திறக்க முடியலன்னா கிளினிக் அப்பாயின்ட்மென்ட்டெல்லாம் பாக்காதீங்க, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. அப்ப மட்டும் குழந்தை அழுதாலும் பிடிச்சுத்தான் ஆகணும், அந்த அழுகைக்கு நீங்க வருத்தப்பட வேண்டாம்.

இது எதுவும் இல்லன்னா நிதானமா பண்ணுங்க. கிளினிக்ல போய் எக்ஸ்ரே காப்பியும் எந்தெந்தப் பல்லுல என்ன பண்ணாங்கன்னு எழுதினதும் வாங்குங்க, அது உங்க குழந்தையோடது, குடுக்கத் தயங்கினாலும் விடாதீங்க. அதை எடுத்துட்டு குழந்தைகளுக்குன்னே பல் மருத்துவம் படிச்ச வேற ஒருத்தரைப் பாருங்க, பல் மருத்துவக் கல்லூரியில அதுக்குன்னு தனிப் பிரிவு இருக்கும். முன்னாடி டாக்டர் எட்டுன்னாரு, நாலுன்னாருன்னெல்லாம் முதல்ல சொல்லாதீங்க, அவங்க பாத்து சொல்லட்டும், அப்புறம் இந்த சீட்டைக் காட்டுங்க. முதல் தடவை போறப்ப ட்ரீட்மென்ட் எதுவும் இல்லன்னு முன்கூட்டியே பேசிக்குங்க. சேர்ல உக்காரணும், கண்ணாடியில பல்லை எண்ணணும், வீட்டுக்கு வந்துடணும், அவ்வளவுதான். வலிக்கவே வலிக்காதுன்னு அவகிட்ட பொய் சொல்லாதீங்க. வலிச்சா இடது கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்திடுவாங்கன்னு சொல்லுங்க, டாக்டர்கிட்டயும் அவ முன்னாடியே சொல்லுங்க, கையைத் தூக்கினா நிஜமாவே நிறுத்தறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க.

நானும் பிடிச்சேன்னு நீங்க எழுதின அந்த வரியைப் பத்தி. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் பிடிங்கன்னு சொன்னா எந்த அம்மாவும் பிடிப்பாங்க, அவங்களை நம்பித்தானே போனீங்க. ஆனா அவகிட்ட அதைப் பத்திப் பேசுங்க. அன்னிக்கு உனக்கு வலிச்சுது, நீ சொன்னதை நாங்க கேக்கல, அம்மா பிடிச்சது தப்புன்னு சொல்லுங்க, அஞ்சரை வயசுக்கு நல்லாவே புரியும். அப்புறம் ஒரு வாரம் அவ பொம்மைக்கு அவளே பிரஷ் பண்ணட்டும், உங்க பல்லையும் அவளே தேய்க்கட்டும், அவ வாய்க்கு அதுக்கப்புறம் வாங்க.