நான்கு ஒப்பந்தக்காரர்களும் ஒரு மோட்டாரும்

ஐயா, வணக்கம்.

நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் குடிநீர் மோட்டார் இயக்குகிறேன். 2012-ல் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பேரூராட்சியே தினக்கூலி கொடுத்தது. பிறகு ஒப்பந்தக்காரர் மூலம் என்று மாற்றிவிட்டார்கள். இதுவரை நான்கு ஒப்பந்தக்காரர்கள் மாறிவிட்டார்கள். நானும் மோட்டாரும்தான் மாறவில்லை. பத்து வருடம் முடித்தவர்களை நிரந்தரம் ஆக்கியே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். எங்கள் பக்கம் ஒருவர் வழக்குப் போட ஆளுக்கு ஐயாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கொடுக்காதீர்கள். ‘பத்து வருடம்’ என்ற ஒற்றை வார்த்தையை நம்பி மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நான் வழக்கறிஞன் அல்ல, தீர்ப்புகளை முழுதாகப் படிக்கும் கெட்ட பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

அந்தப் பத்து வருடக் கணக்கு 2006 ஏப்ரல் 10 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்ன உமாதேவி வழக்கிலிருந்து வருகிறது. கர்நாடக வணிகவரித் துறையின் தினக்கூலிக்காரர்கள் நிரந்தரம் கேட்ட வழக்கு. தற்காலிகமாகச் சேர்ந்தவர் எத்தனை வருடம் உழைத்தாலும் அதனாலேயே நிரந்தரம் கேட்கும் உரிமை வந்துவிடாது என்பதுதான் அதன் மையம். அதற்கு 53-வது பத்தியில் ஒரு விலக்கு உண்டு: அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், உரிய தகுதியோடு, நீதிமன்றத் தடை உத்தரவின் தயவில்லாமல் பத்து வருடம் முடித்தவர்களை ஒரே ஒரு தடவை வரன்முறைப்படுத்தலாம், அதாவது நிரந்தரமாக்கலாம் என்றது. அந்தப் பத்து வருடம் தீர்ப்பு வந்த தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும். நீங்கள் வேலைக்கு வந்ததே ஆறு வருடம் கழித்து. அந்தப் பத்தியை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக வசூல் செய்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

உமாதேவி தீர்ப்பை நான் வெறுக்கவில்லை. இரவெல்லாம் படித்துத் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால், கொல்லைப்புற வழியில் ஆள் சேர்ப்பதை யாராவது தடுக்கத்தான் வேண்டும். இடஒதுக்கீடும் அதில் அடிபடுகிறது. என் கோபமெல்லாம் தாங்களே கொல்லைக் கதவைத் திறந்து ஆளை உள்ளே விட்டு, பத்துப் பதினைந்து வருடம் வேலை வாங்கிவிட்டு, ‘நீ வாசல் வழியாக வரவில்லையே’ என்று கேட்கும் அதிகாரிகள் மேல்தான்.

அந்தக் கோபம் இப்போது உச்ச நீதிமன்றத்துக்கும் வந்திருக்கிறது. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்களை 2018-ல் திடீரென்று நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், அவர்களை நிரந்தரமாக்கித் திரும்ப எடுக்க உத்தரவு வந்தது. உமாதேவி தீர்ப்பைத் தொழிலாளிக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். 2025 ஆகஸ்டில் தரம்சிங் வழக்கில் இன்னும் காட்டம்: அடிப்படையான, அன்றாடப் பொதுப்பணி செய்கிறவர்களின் முதுகில் அரசு தன் வரவுசெலவைச் சரிக்கட்டக் கூடாது.

உங்களுக்கு மிக நெருங்கியது 2025 ஜனவரியில் வந்த காசியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர் வழக்கு. அவர்கள் கையில் நியமன உத்தரவு கிடையாது. மாநகராட்சியோ, ‘இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள்’ என்றது. சரி, அந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்றபோது உருப்படியான காகிதம் எதுவும் வரவில்லை. தொழிலாளிகள் ஜெயித்தார்கள்.

ஆனால் உங்கள் பேரூராட்சியிடம் நான்கு ஒப்பந்தமும் பத்திரமாக இருக்கலாம். அப்போது 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி என்ற அரசு எஃகு நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது குறுக்கே வரும்: ஒப்பந்த முறையைத் தடைசெய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரம் ஆகிவிட மாட்டார். ஒப்பந்தமே கண்துடைப்பு என்று நிரூபித்தால் மட்டும் அவர் முதன்மை முதலாளியின் ஆள், உங்கள் விஷயத்தில் பேரூராட்சியின் ஆள். அதைச் சாட்சி வைத்துத் தொழிலாளர் மன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும். அரசு அமைப்புக்கு ஆணையிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனுவைப் போட்டுவிட்டு ஐயாயிரம் வாங்குகிறவருக்கு இது தோதுப்படாது.

தமிழ்நாட்டில் 1981-ம் வருடச் சட்டம் ஒன்றும் உண்டு. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. பேரூராட்சிக் குடிநீர்ப் பணி அதன் ‘தொழில் நிறுவனம்’ என்ற வரையறைக்குள் வருமா என்பதிலேயே வாதம் தொடங்கும். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இனி உங்கள் கடிதத்தின் நல்ல வரிக்கு வருகிறேன். நீங்களும் மோட்டாரும் மாறவில்லை என்றீர்கள். உங்கள் வழக்கே அதுதான். எத்தனை மணிக்கு மோட்டார் போட்டீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், குளோரின் எவ்வளவு கலந்தீர்கள் என்று பம்பு அறையில் தினமும் பதிவேடு எழுதுவீர்கள் அல்லவா? அதன் ஓரத்தில் யாருடைய சுருக்கொப்பம் இருக்கிறது என்று நாளைக்குப் பாருங்கள். பேரூராட்சிக்காரருடையதாக இருந்தால், உங்களை மேய்த்தது யார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. விடுப்பு கேட்டு அனுப்பிய செய்தி, நள்ளிரவில் மோட்டார் காயில் எரிந்தபோது செயல் அலுவலரிடமிருந்து வந்த அழைப்பு, முதல் இரண்டு வருடத்துக் கூலிப் பட்டியல், வருங்கால வைப்புநிதிக் கணக்கு, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கையில் இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நான்கு ஒப்பந்தங்களின் நகல், பணியிட அனுமதி ஆணை, 2012 முதலான பதிவேடுகள். மனுவுக்குப் பத்து ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பழைய பதிவேடுகளை யாராவது எடைக்குப் போடுவதற்கு முன்னால் இந்த வாரமே மனுவைப் போட்டுவிடுங்கள்.