பைனாகுலர், கேமரா ஒன்றும் இல்லாமல் மட்டக்களப்பில் பறவை, பூச்சி பார்க்கத் தொடங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாகத் தொடங்கலாம். கேமராவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதை முதலில் வாங்கிய எங்கள் ஊர் ஆட்கள் பலர் நல்ல படம் எடுக்கிறார்கள், ஆனால் அந்தக் குருவி எதைத் தின்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். பெயர் தெரிவதற்கும் அவசரமில்லை. எது எதைத் தின்கிறது, எது எங்கே முட்டையிடுகிறது என்ற இரண்டையும் கவனித்தாலே போதும், பெயர் பிறகு வரும்.

கிணற்றடித் தேசி (எலுமிச்சை) மரத்தில் தொடங்குங்கள். தேசியோ கறிவேப்பிலையோ இல்லாத வளவு நம் பக்கம் குறைவு. இளங்கொழுந்தில் ஒரு மில்லிமீற்றர் அளவில் வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று தனியாக ஒட்டியிருக்கும். கறுப்பும் மஞ்சளுமாகப் பறக்கிறதே, அந்த வண்ணத்துப்பூச்சியின் முட்டை அது. பொரித்து வரும் புழு, குருவி எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இலை மேல் பட்டப்பகலில் கிடக்கும். ஒளிய வேண்டிய தேவையே அதற்கு இல்லை. வளர்ந்து கடைசித் தரம் தோலுரித்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். அப்போது ஓர் ஈர்க்கால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற செம்மஞ்சள் கொம்பு வெளியே வரும், கூடவே ஒரு நாற்றமும் அடிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் வரை ஏறக்குறைய ஒரு மாதம். எல்லாம் பிழைப்பதில்லை. சில கூட்டுப்புழுவைத் துளைத்துக்கொண்டு வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு குளவிகள் வரும். எனக்கு அதுதான் கூடுதல் விருப்பமான காட்சி, வீட்டில் யாருக்கும் பிடிக்காது.

கறிவேப்பிலையில் இன்னொரு கூத்து. அதில் முட்டையிட வரும் கறுத்த வண்ணத்துப்பூச்சியில், சில பெண்களுக்குப் பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அது வேறோர் இனத்தைப் பார்த்து எடுத்த வேடம். அந்த மற்ற இனத்தின் புழு ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்துக் கொடிகளைத் தின்று நஞ்சை உடம்பில் சேர்ப்பதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. இரண்டையும் பிரித்தறிய உடம்பைப் பாருங்கள்: உண்மையில் நஞ்சுள்ளதற்கு உடம்பு சிவப்பு, வேடதாரிக்குக் கறுப்பு.

மாமரத்தில் முசுறு (இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு) கூடு கட்டியிருந்தால் கலைக்காதீர்கள். புதிதாக இலை பொருத்தும் நேரம் கிடைத்தால் (கடி படாத தூரத்தில் நின்று) பாருங்கள். ஒரு வரிசை முசுறு இலைகளை இழுத்துப் பிடிக்க, இன்னொரு வரிசை தன் குஞ்சுப்புழுவை வாயில் கௌவி விளிம்புக்கு விளிம்பு கொண்டுபோகும். நூல் வருவது அந்தப் புழுவிலிருந்துதான்.

பூச்சி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பறவையைத் தேடி அலைய வேண்டாம். சருகைப் புரட்டிக்கொண்டு புலுனி (தவிட்டுக்குருவி) கூட்டமாக வரும். வேலியோரம் செண்பகம் நடக்கும். மரத்தில் ஒரு காகம் புள்ளி போட்ட குஞ்சுக்கு இரை ஊட்டுவதைக் கண்டால் நின்று பாருங்கள், அது பெரும்பாலும் குயில் குஞ்சாகத்தான் இருக்கும். ஆனால் வளவை நாளுக்கு இரண்டு தரம் கூட்டிச் சருகை எரித்தால் இதில் பாதி வராது. அம்மாவிடம் கெஞ்சி ஒரு மூலையையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். அதில் ஓர் எருக்கலை முளைத்தால் பிடுங்க வேண்டாம், அதற்கென்றே வரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று இருக்கிறது. தேசிக்கு மருந்தடிக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

காலம் முக்கியம். ஐப்பசி பிறந்து மழை தொடங்கும்போது வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகளைப் பங்குனி, சித்திரை வரை பார்க்கலாம். ஆறுமணிக்குருவி அவற்றில் ஒன்று. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும். விடியவும் பொழுதுபடவும் கூப்பிடும், பகலில் சருகுக்குள் தத்தித் திரியும். முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் மாலையில் மட்டும் எந்த வேலை இருந்தாலும் வெளியே வாருங்கள். இரட்டைவால் கரிச்சான், பஞ்சுருட்டான், தகைவிலான், காகம் எல்லாம் ஒரே பந்தியில் இருக்கும். அதே பருவத்தில் தாழ்வாகச் சுற்றும் மஞ்சள் தும்பிகளையும் கவனியுங்கள். அந்த இனம் இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கடலைக் கடந்து கிழக்கு ஆபிரிக்கா வரை போகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

வளவு பழகிய பிறகு வாவிக்கரை. பழைய கல்லடிப் பாலத்தில் காலையில் நின்றால் நீர்க்காகமும் ஆலாவும் செம்பருந்தும் கண்ணுக்கு நேரேயே பறக்கும். வட்டையில் (வயல்வெளியில்) உழவு மெசின் இறங்கும் நாளில் வரம்பில் நில்லுங்கள். கிளறிய மண்ணிலிருந்து எழும் பூச்சிக்காகக் கொக்குகள் மெசினுக்குப் பின்னாலேயே நடக்கும். சத்தத்தை வைத்துப் பறவையை அறிய மெர்லின் என்ற இலவசச் செயலி இருக்கிறது. அது சொல்வதைக் கண்ணால் உறுதிசெய்யாமல் எழுதி வைக்காதீர்கள்.

குமணைக்கு இப்போதே ஓட வேண்டாம். 1938இல் சரணாலயமான இடம், பொத்துவில், பாணமை தாண்டிப் போக வேண்டும். அங்குள்ள வில்லுக்குளத்தில் சித்திரை முதல் ஆடி வரை நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம் கூட்டமாகக் கூடு கட்டும். உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடக்கிற அடியார்கள் அந்தக் காட்டுக்குள்ளால்தான் போகிறார்கள். ஆனால் வீட்டுப் புலுனியைப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு அங்கே வெள்ளையாக ஏதோ நிறைய இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பதில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் ஒரு சைக்கிளில் போங்கள். வாய்க்காலுக்கு மேல் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளில் பாதி கட்டிய நிலையில் சிலது இருக்கும். காற்றில் பிய்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஆண் அவ்வளவு கட்டிவிட்டுப் பெண்ணைக் கூப்பிடும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் மிச்ச வேலை, பிடிக்காவிட்டால் கூடு அப்படியே கிடக்கும். பொழுது சாய்வதற்கு முதல் திரும்பிவிடுங்கள், யானை நடமாட்டம் உள்ள இடம். போகும்போதே வட்டைக் காவலில் இருக்கும் ஐயாவிடம் ஆனை இறங்கினதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆக்காட்டி எந்த வரம்பில் முட்டையிட்டிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும்.