அப்பாவின் இசைத்தட்டுகளுக்காக நிலையான வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஆசிரியராக இருக்கிறேன். தோட்டத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்த அப்பா ஒரு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளை விட்டுப் போயிருக்கிறார். அறுபதுக்கு மேல் இருக்கும். வாசிக்கக் கருவி இல்லை. கொழும்பில் ஒரு கடையில் புது டர்ன்டேபிள் 135,000 ரூபாய் சொல்கிறார்கள். கடனட்டையில் 12 மாதத் தவணை, வட்டி இல்லை, 6 வீதம் சேவைக் கட்டணம் மட்டும் என்கிறார்கள். அல்லது மகளின் படிப்புக்காகப் போட்ட 500,000 ரூபாய் நிலையான வைப்பை (ஒரு வருடம், 8 வீதம், 7 மாதம் முடிந்துவிட்டது) உடைக்கலாமா? டொரொண்டோவில் இருக்கும் மச்சான் தன் பழைய டர்ன்டேபிளை இலவசமாகக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். "போனில் கேட்டால் போதாதா?" என்கிறார் மனைவி. பழைய ரெக்கார்டுகளின் விலை ஏறுகிறதாமே, இதை ஒரு முதலீடு என்று சொல்லலாமா?

பதில்: வைப்பை உடைக்க வேண்டாம். முதிர்வுக்கு முன் எடுத்தால் பெரும்பாலான வங்கிகள் ஒப்புக்கொண்ட வட்டியைத் தராமல், சேமிப்புக் கணக்கு அளவுக்கு இறக்கிவிடும். 3 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மாதத்துக்கு 8 வீதத்தில் வந்திருக்க வேண்டியது 23,333 ரூபாய், கையில் வருவதோ 8,750. பதினாலாயிரத்துக்கும் மேல் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், அது மகளின் பணம். அவளுக்கென்று எழுதி வைத்ததில் அப்பாவின் பாட்டுக்காகக் கை வைத்தால், அடுத்த முறை கை வைக்க இன்னும் சின்னக் காரணமே போதும்.

தவணையைப் பார்ப்போம். 135,000-க்கு 6 வீதம் என்றால் 8,100 ரூபாய். கேட்க 6 வீதம்தான். ஆனால் முழுத் தொகையும் உங்களிடம் வருடம் முழுக்க இருப்பதில்லை, மாதா மாதம் திருப்பிக் கொடுக்கிறீர்கள். சராசரியாக 73,000 ரூபாய்தான் கடனாக நிற்கிறது. அதற்கு 8,100 என்பது ஏறத்தாழ 11 வீத வட்டி. உங்கள் வைப்பு 10 வீத வட்டி வரி பிடித்த பிறகு 7.2 வீதம்தான் தருகிறது. ஒரு மாதம் தவணை தவறினால் கடனட்டையின் வழமையான வட்டி ஏறும், அது 20 வீதத்துக்கும் மேல்.

தவணை மாதம் 11,925 ரூபாய் வரும். அதைக் கட்ட முடியும் என்று நினைத்துத்தானே கேட்டீர்கள்? அப்படியானால் அதே தொகையைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து மாதத்தில் 59,625 சேரும். பாடசாலையில் ஆசிரியர்கள் நம்பிக்கையோடு நடத்தும் சீட்டு இருந்தால் அதுவும் நல்ல வழிதான், பணம் கையில் நின்று கரையாது. தீபாவளி முற்பணத்தை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள்.

காத்திருந்தால் விலை ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறலாம். 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை யாரும் மறக்கவில்லை, டர்ன்டேபிள் இறக்குமதிப் பொருள்தான். ஆகவே நான் சொல்வது பாதி வழி: விலையில் பாதி கையில் சேரட்டும், மீதியை ஆறு மாதத் தவணையில் எடுங்கள். கட்டணமும் ஏறக்குறைய பாதியாகும்.

ஆனால் எந்தக் கருவிக்குச் சேர்க்கிறீர்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதைப் பெட்டிதான் சொல்ல வேண்டும். இந்த வார இறுதியில் பெட்டியைத் திறந்து தட்டுகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். கனமாக, விறைப்பாக, கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும் பத்து அங்குலத் தட்டுகள் 78 வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 78 தடவை, சுற்றுபவை. அவை அரக்கில் செய்தவை, ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் பாடும். இலேசாக வளையக்கூடிய வினைல் (பிளாஸ்டிக்) தட்டுகளின் வேகம் 33 அல்லது 45. லேபிளிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். 33 வேகத்தில் நீண்ட நேரம் பாடும் வினைல் தட்டான எல்பி 1948-இல்தான் வந்தது, இந்தியாவில் 78 தட்டுகள் 60-கள் வரை அச்சாகின. உங்கள் அப்பாவின் காலத்தைப் பார்த்தால் இரண்டும் கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதில் என்ன பணக் கணக்கு என்றால், இன்று கிடைக்கும் மலிவான டர்ன்டேபிள்கள் பலவற்றில் 78 வேகமே இல்லை. ஆடியோ-டெக்னிகாவின் எல்பி60எக்ஸ் 33, 45 மட்டும். எல்பி120எக்ஸ் மூன்று வேகமும் சுற்றும், விலையும் அதற்கேற்ப ஏறும். வேகம் இருந்தாலும் போதாது, 78-இன் பள்ளம் எல்பியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்பி ஊசி அதன் அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைத்தான் கொண்டுவரும். 78-க்கென்று தனி ஊசி வேண்டும். பெட்டியில் ஐம்பது 78 இருந்து, கடைக் கருவி 78 சுற்றாது என்றால், கடைக்காரர் சொன்ன கருவிக்கு 135,000 கொடுத்து அப்பாவின் பாட்டில் பத்தைத்தான் கேட்பீர்கள். ஆகவே கடையில் முதல் கேள்வி, "78 சுற்றுமா, அதற்கு ஊசி கிடைக்குமா?"

தட்டுகள் வாசிக்கும் நிலையில் இருக்கின்றனவா என்பதும் இப்போதே தெரிய வேண்டும். நம் பக்கத்து மூடுபனியில் தகரப் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால் அதிசயம். ஒன்று எச்சரிக்கிறேன்: 78 தட்டில் ஸ்பிரிட், ஆல்கஹால் எதையும் தொட விடாதீர்கள். அரக்கு அதில் கரையும், பாட்டும் கூடப் போகும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய துணி, லேபிள் நனையாமல் பள்ளத்தின் வட்டப் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலர விடுங்கள். புதுக் காகித உறை போட்டு நிமிர்த்தி வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் வினைல் வளையும், அரக்கு கீறும். அடுப்புச் சுவரை ஒட்டியும் வேண்டாம். இந்தச் செலவு சில ஆயிரம் ரூபாய்தான்.

மச்சானின் இலவசக் கருவிக்கு வருவோம். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்போமர் வாங்கலாம். ஆனால் டிரான்ஸ்போமர் ஹேர்ட்ஸை மாற்றாது. பழைய கருவிகள் பலவற்றில் மோட்டாரின் வேகமே ஹேர்ட்ஸைப் பொறுத்தது. அப்படிப்பட்டதை இங்கே ஓட்டினால் 33⅓ சுற்றவேண்டியது 27.8 சுற்றும், பெண் பாடகி சுருதி இறங்கி இழுத்து இழுத்துப் பாடுவார். சில மாதிரிகளுக்கு 50 ஹேர்ட்ஸுக்கான கப்பி மாற்றலாம், அது கிடைத்தால். டிசி மோட்டாரும் தனி அடாப்டரும் உள்ளவை என்றால் பிரச்சினை இல்லை, அடாப்டரில் "100-240வி, 50/60" என்று அச்சிட்டிருந்தால் அப்படியே செருகலாம்.

பழைய கருவிக்கு ஊசி இன்னும் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஊசி கிடைக்காத டர்ன்டேபிள் வெறும் மரப்பெட்டி. எல்லாம் சரியென்றால், விமானத்தில் வைக்கும்போது சுற்றும் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்றி, ஊசியைத் தாங்கும் கையின் பின்பக்க எடையை எடுத்து, அந்தக் கையைக் கட்டி, ஊசிக்கு மூடி போட்டு வைக்கச் சொல்லுங்கள். தட்டைக் கழற்றாமல் கொண்டுவந்தால் பேரிங் அடிபடும்.

அடுத்து, கடைச் சீட்டில் வராத செலவு. உங்களிடம் ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) ஸ்பீக்கரும் இருக்கின்றனவா என்று கடிதத்தில் சொல்லவில்லை. ஊசியிலிருந்து வரும் சமிக்ஞை சில மில்லிவோல்ட் மட்டும். ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் துளையில் நேராகச் செருகினால் கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும், நடுவில் அந்தச் சமிக்ஞையைப் பெருக்கிக் கொடுக்கும் ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். அது உள்ளேயே இருக்கும் டர்ன்டேபிளை எடுத்தால் அந்தச் செலவு மிச்சம். இருக்கிற ஹோம் தியேட்டரோ, ஆம்ப் உள்ளடங்கிய ஒரு சோடி ஸ்பீக்கரோ போதும். எட்டுக்கு எட்டு அறைக்கு அதற்கு மேல் செலவழிப்பது என் கண்ணுக்கு வீண்.

ஊசிக்கும் ஆயுள் உண்டு, சாதாரண வகை 300 முதல் 500 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் வருடத்துக்கு ஒரு ஊசி என்று மாதச் செலவில் சேர்த்துவிடுங்கள். தேய்ந்த ஊசி தட்டையே அறுக்கும். சூட்கேஸ் போல வரும் மலிவான கருவிகளில் பலவும் ஊசியை அளவுக்கு மேல் அழுத்துகின்றன, அப்பாவின் தட்டுக்கு அது வேண்டாம்.

அமைப்பதற்குச் செலவு குறைவு. மரப்பலகைத் தரை என்றால் நடக்கும்போதெல்லாம் ஊசி குதிக்கும், சுவரில் இறுக்கிய பலகை நல்லது. மேசனிடம் ரசமட்டம் வாங்கிச் சமன் பாருங்கள். ஸ்பீக்கரை அதே பலகையில் வைக்காதீர்கள். ஊசிக் கையின் பின்பக்க எடையை நீங்கள் அமைக்கும் மாதிரி என்றால், ஊசி பொருந்தும் கார்ட்ரிட்ஜின் தாளில் எழுதிய கிராம்தான் கணக்கு, கண் அளவு அல்ல. அப்புறம், ஏப்ரலிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் தொடங்கினால் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள். ஒரு மின்னலில் ஆம்பும் போகும், தொலைக்காட்சியும் போகும்.

முதலீடு என்ற பேச்சை விட்டுவிடுவோம். சில அபூர்வத் தட்டுகளுக்கு நல்ல விலை உண்டு, அதுவும் கீறலில்லாமல், உறை கிழியாமல் இருந்தால். வீட்டில் பலமுறை ஓடித் தேய்ந்த சினிமாப் பாட்டுத் தட்டு அந்தப் பட்டியலில் வராது. விற்கவேண்டும் என்று நினைக்கும் நாளில் ஹட்டனில் வாங்க ஆள் தேட வேண்டும். வைப்புப் பணம் போல வங்கிக்குப் போய் எடுக்க முடியாது. இது செலவு. வருமானத்துக்குள் இருக்கும் செலவுக்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை, முதலீடு என்று பெயர் சூட்டினால்தான் கணக்குத் தவறும்.

போனில் கேட்டால் போதாதா என்ற மனைவியின் கேள்வி நியாயமானது. பாட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் போதும், அதுவும் இலவசம். இலங்கை வானொலியைக் கேட்டுக் கேட்டு, பிடித்த பாட்டின் தட்டைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒருவர் சேர்த்தது அந்தப் பெட்டி, அது போனில் இல்லை. ஆனால் இதை நான் சொல்லி உங்கள் மனைவி ஏற்கக் கூடாது. மாதம் 11,925 எந்தச் செலவிலிருந்து வரப்போகிறது என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். அது வீட்டுச் சாமான் பணத்திலிருந்து என்றால் திட்டத்தை ஆறாயிரமாகக் குறைத்து, காலத்தை நீட்டுங்கள்.

இன்று இரவே மச்சானுக்கு அழைத்து, கருவியின் பின்புற லேபிளையும் அடாப்டரையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்குள் 78 எத்தனை, எல்பி எத்தனை என்று எண்ணி வையுங்கள்.